வெக்கை வேறு, புழுக்கம் வேறு: மாணவர்கள் அளக்கும் வெப்பம்

“மரம் நிறைந்த புளோக்கின் கீழே 31.2 டிகிரி. மரமில்லாத புளோக்கின் கீழே 31.8 டிகிரி. எனவே மரங்கள் குளுமை தருகின்றன.” சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஆய்வுக் கண்காட்சிகளில் இந்த மூன்று வரியும் ஏதோ ஒரு வடிவில் தொங்கிக்கொண்டிருக்கும். (புளோக்கு என்பது இங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டடம்.) முடிவில் தவறில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியில் பேருந்துக்காக நின்ற எவரும் அதைச் சொல்லிவிடுவார். ஆனால் அந்த இரண்டு எண்கள் அதை நிரூபிக்கவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் வாங்கும், வெப்பநிலையை அளக்கும் சிறு மின்னணுக் கருவியான டிஎச்டி22 உணரி அரை டிகிரி கூட்டியோ குறைத்தோ காட்டலாம் என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. ஒன்று கூட்டியும் மற்றொன்று குறைத்தும் காட்டினால், இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே ஒரு டிகிரி வித்தியாசம் வந்துவிடும். அப்படியானால் அந்த 0.6 டிகிரி மரத்தால் வந்ததா, உணரியால் வந்ததா?

வெப்பத்தை ஆய்வுப் பொருளாக எடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆய்வுக்கூடம் தேவையில்லை, மின்தூக்கியில் இறங்கினால் களம் வந்துவிடும். அக்கம்பக்கத்து முதியவர்களின் தூக்கத்தையும் உடல்நலத்தையும் நேரடியாகத் தொடும் விஷயமும்கூட. 2023 ஜூலை முதல் சிங்கப்பூரில் வெப்ப அழுத்த ஆலோசனை நடப்பில் இருக்கிறது. அது காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்ப்பதில்லை. ‘டபிள்யூபிஜிடி’ என்ற கூட்டு அளவைப் பார்க்கிறது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவுக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோளத்தின் அளவுக்கு 20 விழுக்காடு, காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10 விழுக்காடு என்று எடை போட்டுக் கூட்டுவார்கள். 31 டிகிரிக்குக் கீழே குறைந்த அபாயம். 31 தொட்டால் மிதமானது. 33 தொட்டால் அதிகம். கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் நம் ஊழியர்களுக்கு இந்த எண் இன்னும் நெருக்கம். 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, அது 32 டிகிரியைத் தொட்டால் வெளியில் கடும் உடலுழைப்பில் இருப்பவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு தர வேண்டும்.

அந்த 70 விழுக்காட்டில்தான் புழுக்கம் ஒளிந்திருக்கிறது. காற்று 34 டிகிரி, ஈரப்பதம் 55 விழுக்காடு என்றால் ஈரக்குமிழ் அளவு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) ஏறத்தாழ 26.7 டிகிரி வரும். காற்று 32 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றால் 27.5 டிகிரி வரும். சாதாரண வெப்பமானி குறைவாகக் காட்டும் இரண்டாவது வேளையில்தான் வியர்வை காயாமல் உடம்பு திணறும். முதலாவதை வெக்கை என்போம், இரண்டாவதைப் புழுக்கம் என்போம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. வெப்பநிலையை மட்டும் ஒட்டிய அட்டையிலோ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே முதல் தேவை, ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் உணரி.

அடுத்தது நேரம். மாணவர் ஆய்வுகளில் மிகப் பெரிய ஓட்டை இதுதான், யாரும் அதிகம் கவனிக்காததும் இதுதான். பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு வருவார்கள், அரை மணி நேரம் அளப்பார்கள், போய்விடுவார்கள். ஆனால் நகரம் என்பதால் கூடும் வெப்பம் அந்த நேரத்தில் தெரியாது. 2006ல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆர்ச்சர்ட் சாலைப் பகுதிக்கும் ஊர்ப்புறத் திறந்தவெளிக்கும் இடையே ஏறத்தாழ 7 டிகிரி வரை வித்தியாசம் கண்டது. அது உச்சத்தைத் தொட்டது நண்பகலில் அல்ல, பொழுது சாய்ந்து சில மணி நேரம் கழித்து. காரணம் எளிது. காங்கிரீட் பகல் முழுக்க வெப்பத்தை உள்ளே வாங்கி வைக்கிறது, இரவில் மெல்ல விடுகிறது. புல்வெளியில் அந்த வெப்பம் வானத்தைப் பார்த்துப் போய்விடும். உயரமான புளோக்குகளுக்கு இடையே வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும்; வெப்பம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டு தங்கிவிடும்.

பகல் இரண்டு மணிக்கு அளந்தால் இதற்கு நேர்மாறாகக்கூட வரும். வாய்டு டெக் எனப்படும் திறந்த கீழ்த்தளம் நிழலில் இருப்பதால், பக்கத்துத் திடலைவிடக் குளுமையாக இருக்கும். “காங்கிரீட் புல்லைவிடக் குளுமையானது” என்று ஒரு குழு எழுதி வைத்துவிட்டுத் திகைத்து நிற்கும். அளவு தவறவில்லை, கேள்விதான் தவறான நேரத்தில் கேட்கப்பட்டது. முதியவர்களின் நலம்தான் நோக்கம் என்றால், இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை அவர்கள் படுக்கும் அறையில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். இரவில் உடம்பு ஆறவில்லை என்றால் மறுநாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வயது ஏற ஏற வியர்க்கும் திறனும் தாக உணர்வும் குறைவதால், இளையோர் உணரும் முன்பே மூத்தோர் சோர்ந்துவிடுவார்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளையை நள்ளிரவில் வெப்பமானியோடு நிறுத்த முடியாது. அதற்குத்தான் தானாகப் பதியும் கருவி. எஸ்எச்டி31 உணரி (வெப்பநிலையில் பிழை ஏறத்தாழ 0.2 டிகிரி, ஈரப்பதத்தில் 2 விழுக்காடு), ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, எஸ்டி கார்டு, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, மின்கலம் ஆகியவை போதும். எல்லாம் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் கிடைக்கும். கடிகாரச் சில்லை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மின்சாரம் ஒரு நொடி போனால்கூட நேரம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு பதிந்தது எல்லாம் எந்த மணிக்கு உரியது என்று தெரியாது. பவர் பேங்க் வைப்பது இன்னொரு பொறி. பலகை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துப் பதிந்துவிட்டு உறங்கப்போகும்படி நிரல் எழுதுவதுதான் சரி. ஆனால் மின்னோட்டம் அவ்வளவு குறைந்தால், ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். திங்கள்கிழமை வைத்துவிட்டு வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தால் முதல் அரை மணி நேரத்துப் பதிவு மட்டும் இருக்கும். ஏஏ அளவு மின்கலங்கள் இதைவிட நம்பகமானவை.

உணரியையும் பலகையையும் ஒரே பெட்டிக்குள் அடைக்கக்கூடாது. பலகை தன் சூட்டால் உணரியை ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிவிடும். உணரி 20, 30 சென்டிமீட்டர் கம்பியில் வெளியே தொங்க வேண்டும், அதற்கென்று ஒரு வெண்கூடும் வேண்டும். பூந்தொட்டியின் அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகள் ஐந்தாறை இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் கவிழ்த்து அடுக்கி, நடுத்தட்டுகளில் துளையிட்டு உணரியை அதனுள் தொங்கவிட்டால் கூடு ஆயிற்று. காற்று உள்ளே புகும், வெயில் நேரடியாகப் படாது. இருந்தாலும் காற்றே அசையாத நண்பகலில் இந்தக் கூட்டுக்குள்ளும் ஒன்றிரண்டு டிகிரி கூடும். அறிக்கையில் அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் பொதுவான அளவு. எல்லா இடத்திலும் அதே உயரம் இருக்க வேண்டும்.

டிஎஸ்18பி20 என்ற உலோக முனை உணரியைப் பயன்படுத்துவோர் இரண்டு எண்களை நினைவில் வைக்க வேண்டும். பட்டியலில் திடீரென்று 85 டிகிரி தெரிந்தால் புளோக்கு தீப்பிடிக்கவில்லை. உணரி அளக்கத் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிட்டீர்கள், அது மின்சாரம் வந்ததும் அதனுள் இருக்கும் தொடக்க எண். கழித்தல் 127 என்று வந்தால் கம்பி விட்டுப்போயிருக்கிறது, அல்லது 4.7 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்த மறந்திருக்கிறீர்கள். இவற்றை நீக்காமல் சராசரி எடுத்தால் ஒரே ஒரு 85 போதும், ஒரு மணி நேரச் சராசரி ஒன்பது டிகிரி எகிறிவிடும்.

அகச்சிவப்புத் ‘துப்பாக்கி’யால் நடைபாதையைச் சுட்டு “52 டிகிரி” என்று எழுதுவது இன்னொரு பழக்கம். அது பரப்பின் வெப்பம், காற்றின் வெப்பம் அல்ல. விளையாட்டுத் திடலின் பளபளக்கும் எஃகுச் சறுக்குமரத்தை நோக்கினால் அது காட்டுவது எஃகின் வெப்பத்தை அல்ல, எஃகில் தெரியும் வானத்தின் பிரதிபலிப்பை. கறுப்பு மின்நாடா ஒரு துண்டை ஒட்டி, அது சூடேறியதும் அதைக் குறிபார்த்தால் சரியாக வரும். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவியை எடுத்து வருவோரும் உண்டு. அது மனித உடலின் வெப்ப எல்லைக்குள் மட்டும் வேலை செய்வது, நடைபாதைக்கு உதவாது.

சரிபார்ப்புக்குப் பெரிய செலவில்லை. நொறுக்கிய பனிக்கட்டியில் நீர் ஊற்றிக் கலக்கினால் அந்தக் கூழ் 0 டிகிரியில் நிற்கும். நீர் புகாத உணரியை அதில் விட்டுப் பார்க்கலாம். ஈரப்பதத்துக்குச் சமையல் உப்பே போதும். உப்பில் சிறிது நீர் தெளித்து ஈரமணல் பதத்துக்குக் குழைத்து ஒரு சிறு கிண்ணத்தில் வைத்து, உணரியையும் அதோடு காற்றுப்புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு விட்டால் உள்ளே 75 விழுக்காடு நிலைக்கும். உணரி உப்பைத் தொடக்கூடாது. உப்பு முழுதும் கரையும்படி நீர் ஊற்றவும் கூடாது. இதற்கெல்லாம் மேலாக, வாங்கிய உணரிகள் அனைத்தையும் ஒரே தெர்மோக்கோல் பெட்டிக்குள் 24 மணி நேரம் ஒன்றாக வைத்துப் பதிய வேண்டும். எது எவ்வளவு விலகுகிறது என்று அப்போது தெரிந்துவிடும், பிறகு கழித்துக்கொள்ளலாம். ஆய்வின் பாதி நாளில் இரண்டு இடத்து உணரிகளையும் இடம் மாற்றி வைப்பது இன்னும் நல்லது. வித்தியாசம் இடத்தோடு தங்கினால் மரத்தால் வந்தது. உணரியோடு நகர்ந்துபோனால் உணரியால் வந்தது.

வைக்கும் இடத்துக்கு அனுமதி வேண்டும். கீழ்த்தளமும் அதன் தூண்களும் நகர மன்றத்தின் பொறுப்பில் இருப்பவை; சாலையோர மரங்களும் பூங்காக்களும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில். பள்ளியின் கடிதத்தோடு விண்ணப்பித்து மூன்று நான்கு வாரம் காத்திருக்கத் திட்டமிடுவது நல்லது. கம்பி தொங்கும், விளக்கு மினுக்கும் அடையாளமில்லாத பெட்டியைத் தூணில் கட்டிவிட்டுப் போனால், யாராவது காவல்துறையை அழைப்பார்கள். அழைப்பதும் சரிதான். பள்ளியின் பெயர், பொறுப்பாசிரியரின் அலுவலகத் தொடர்பு, எந்த நாள்வரை இருக்கும் என்ற விவரம் மூன்றையும் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வெளியே பொது நடைவழியில் வைப்பதானால் 1.2 மீட்டர் வழி விடுபட வேண்டும் என்ற தீப்பாதுகாப்பு விதியும் இருக்கிறது. எறும்பு, பல்லி இரண்டும் பெட்டிக்குள் குடியேறும். கம்பி நுழையும் துளையைச் சிலிகான் பசையால் அடைக்காதவர்களுக்கு இது மூன்றாம் நாளே தெரியவரும்.

சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் கடிகாரம் 1982லிருந்து உலக நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னே ஓடுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 1 மணிக்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஜூன் விடுமுறையில் புளோக்கின் வடக்குச் சுவரில் வெயில் படும், டிசம்பர் விடுமுறையில் தெற்குச் சுவரில். ஒரு பக்கத்தை ஜூனிலும் மறுபக்கத்தை டிசம்பரிலும் அளந்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. பொதுவாக வெப்பம் மிகுந்த ஏப்ரல், மே மாதங்கள் பள்ளி நாள்களில் வந்துவிடுவதால் பெரும்பாலோர் ஜூனில்தான் அளக்கிறார்கள். பரவாயில்லை, ஆனால் “சிங்கப்பூரின் வெப்பம்” என்று தலைப்பிடாமல் “ஜூன் மாதத்தில்” என்று எழுதட்டும். விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து வரும் பலத்த காற்றுமழை ஒரு மணி நேரத்தில் எல்லா வித்தியாசத்தையும் கழுவிவிடும். மழை பெய்த நேரத்தைக் குறித்து வைத்துத் தனியே பிரிக்க வேண்டும். வானிலை நிலையங்களின் அளவுகள் அரசாங்கத்தின் தரவுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பக்கத்து நிலையத்தின் அளவை ஒரு கோடாக வரைந்து, தங்கள் அளவை அதன்மேல் போட்டுப் பார்த்தால் கோளாறு கண்ணில் பட்டுவிடும்.

இனி எண்ணிக்கை. பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளைக்கு 144 பதிவு. இரண்டு புளோக்கு, ஏழு நாள்: 2,016 பதிவுகள். அவற்றைப் புள்ளியியல் மென்பொருளில் போட்டால் வித்தியாசம் ‘மிக உறுதியானது’ என்று வந்துவிடும். வராமல் இருந்தால்தான் வியப்பு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மெய்தான். ஆனால் அந்த ஒரு சோறு அந்த ஒரு பானைக்குத்தான் சாட்சி. முதல் பானையில் ஆயிரம் சோறும் இரண்டாம் பானையில் ஆயிரம் சோறும் எடுத்து நசுக்கினாலும் கைவசம் இருப்பவை இரண்டு பானைகளே. மரம் உள்ள புளோக்கு ஒன்று, இல்லாத புளோக்கு ஒன்று என்றால், அந்த இரண்டும் மரத்தில் மட்டுமா வேறுபடுகின்றன? உயரம், திசை, பக்கத்துச் சாலை, ஏர்கான் வெப்பத்தை வெளித்தள்ளும் பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாமே வேறு. ஒரே திசை, ஒத்த உயரமுள்ள புளோக்கு இணைகளைத் தேடி ஐந்தாறு இணையாவது அளந்தால்தான் மரத்தைப் பற்றிப் பேச முடியும். அவ்வளவு கருவி இல்லையென்றால் வாரத்துக்கு ஓர் இணை என்று சுற்றி வரலாம். இரண்டு இடங்களையும் ஒரே வேளையில் அளப்பதுதான் முக்கியம்.

கருவிக்கு இவ்வளவு கவனம் கொடுக்கும் குழுக்களும் சறுக்குவது ஆள்களிடம் கேட்கும்போதுதான். இங்கே தமிழ் மாணவர்களுக்குத் தனி வேலை இருக்கிறது. ஒரு புளோக்கில் எந்த இனத்தார் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பிடும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989லிருந்து நடப்பில் இருப்பதால், தமிழ்க் குடும்பங்கள் எல்லா வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளிலும் பரவி இருக்கின்றன. ஒரு புளோக்கில் சில வீடுகள்தான் அமையும். அந்தச் சில வீட்டுப் பாட்டிகளும் தாத்தாக்களும் ஆங்கிலக் கேள்வித்தாளில் விடுபட்டுவிடுவார்கள். ஆகவே கேள்வித்தாளை மொழிபெயர்க்கும் வேலை, வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளையின் தலையில் விழுகிறது. வெப்ப உணர்வை அளக்கும் உலக அளவுகோலில் ஏழு படிகள்: கடுங்குளிரிலிருந்து கடும் வெப்பம் வரை. நடுநிலைக்கு மேலே மூன்று படி. அவற்றில் நடுப்படியை அகராதி பார்த்து ‘இதமான வெப்பம்’ என்று போட்டுவிடுகிறார்கள். இதம் என்றாலே சுகம் அல்லவா? அசௌகரியத்தை நோக்கி ஏற வேண்டிய ஏணியில் நடுவே ஒரு படி சுகத்துக்குத் திரும்பிவிடுகிறது. பதில்கள் குழம்பும், குழப்பத்தின் காரணம் கடைசிவரை தெரியாது.

‘சூடு’ இன்னும் ஆபத்தான சொல். “உங்களுக்குச் சூடா இருக்கா பாட்டி?” என்று கேட்டால், “ஆமாம்பா, மாம்பழம் சாப்பிட்டேன், கண்ணெல்லாம் எரியுது” என்று பதில் வரலாம். அவர் சொல்வது உடம்புச் சூட்டை. மோரும் வெந்தயமும் தணிக்கும் சூடு அது, மரம் தணிப்பதல்ல. வெக்கை, புழுக்கம், அனல், காங்கை என்று நம் பேச்சில் இருக்கும் சொற்களையே பயன்படுத்திப் பிரித்துக் கேட்பது மேல்: “ராத்திரி புழுக்கமா இருந்துச்சா? வேர்த்து நனைஞ்சு எழுந்தீங்களா?” எழுதிய கேள்விகளை வேறு ஒருவரிடம் கொடுத்து, மூலத்தைப் பார்க்காமல் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும். எங்கே விலகுகிறதோ அங்கே சொல் தவறு. தமிழாசிரியர் செந்தமிழாகத் திருத்திக் கொடுத்தாலும், வாயால் கேட்கும்போது பேச்சுத் தமிழில் கேட்பதே பலன் தரும். ஐந்து பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டுப் பார்க்காமல் ஐம்பது பேரிடம் போகவே கூடாது.

பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை வந்து கேட்டால் நம் மூத்தோர் “அதெல்லாம் பழகிப்போச்சு தம்பி” என்றோ “நல்லாத்தான் இருக்கு” என்றோ சொல்லி அனுப்புவார்கள். மரம் நட்டால் நல்லதா என்று கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் ஆமாம் என்பார்கள். அது மரியாதை, தரவு அல்ல. கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்க வேண்டும். நேற்றிரவு எத்தனை முறை எழுந்தீர்கள், காத்தாடி எந்த எண்ணில் ஓடியது, ஏர்கான் எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிறுத்தினீர்கள், ஜன்னல் திறந்திருந்ததா, மாலையில் கீழே இறங்கினீர்களா, எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். இந்தப் பதில்களை அதே இரவின் பதிவுக் கருவி எண்களோடு பக்கத்தில் வைத்தால்தான் வெப்பமும் நலமும் ஒரே வாக்கியத்தில் வர முடியும்.

வீட்டுக்குள் கருவி வைப்பதென்றால் படுக்கையின் உயரத்தில் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியின் பின்புறம், தொலைக்காட்சியின் மேல், சாமி விளக்கின் பக்கம் ஆகாது. மினுக்கும் சிறு விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று முதல் இரவே பெட்டி அலமாரிக்குள் போய்விடும்; ஏழு நாளும் அலமாரியின் வெப்பநிலை பதிவாகும். அடையாள அட்டை எண் கேட்கக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2019 செப்டம்பர் முதல் அதைச் சேகரிப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது, இந்த ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. வீட்டு எண்ணுக்குப் பதில் ஒரு குறியீடு, மாடி, திசை ஆகியவை போதும். சிங்கப்பூர் அறிவியல், பொறியியல் கண்காட்சி போன்ற போட்டிகளுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், மனிதர்களிடம் கேட்கும் ஆய்வுக்கு நெறிமுறை ஒப்புதலைத் தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். கேட்டு முடித்த பிறகு வாங்கும் ஒப்புதல் செல்லாது. முழுக் கேள்வித்தாளையும் நல்லபடி முடித்துவிட்டு இந்த ஒரு தாளால் வெளியே நிற்கும் குழுக்கள் உண்டு.

பதில் சொன்னவர்களிடமே முடிவைத் திருப்பிக் கொடுப்பது பலரும் விட்டுவிடும் பகுதி. மின்தூக்கி அருகே அறிவிப்புப் பலகையில் ஒட்ட நான்கு மொழியில் ஒரு பக்கம் போதும். அதில் சராசரியும் வரைபடமும் வேண்டாம். மேற்குப் பார்த்த பெஞ்சு இரவு எட்டு மணிக்கும் சூடாகவே இருக்கிறது, மரத்தடிப் பெஞ்சு ஆறரைக்கே ஆறிவிடுகிறது என்று தெரியவந்திருந்தால் அதை எழுதட்டும். எந்த நாள்களில் அளந்தது, எத்தனை இரவு என்பதையும் அடியில் போடட்டும். பெஞ்சை இடம் மாற்றலாமா என்று கேட்டு நகர மன்றத்துக்கு எழுதும் கடிதத்துடன் இணைக்கவும் அதே தாள் உதவும். பெட்டிகளைக் கழற்றும் நாளில் தூணில் கட்டிய பிளாஸ்டிக் பட்டைகளையும் வெட்டி எடுத்துப் போக வேண்டும். அடுத்த ஆண்டுக் குழு அனுமதி கேட்கும்போது நகர மன்ற அதிகாரி முதலில் பார்ப்பது அந்தத் தூணைத்தான்.